அறுபது கடந்த அம்மாவுக்குப் புரதக் கணக்கும் நாற்காலிப் பயிற்சியும்

பென்னாகரத்து வீட்டுத் திண்ணையில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்த அம்மா, எழும்போது ஒரு கையைத் தரையிலும் மறு கையைத் தூணிலும் ஊன்றியதைப் பார்த்த பிறகே இதில் இறங்கினேன். அவருக்கு வயது 63, எடை 60 கிலோ. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பு விரைந்து தேய்கிறது, தசையும் வலுவிழக்கிறது.

முதலில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), இரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அடுத்தது கணக்கு. முதியோருக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது வல்லுநர்கள் பலரின் பரிந்துரை. அம்மாவுக்கு அது 60 முதல் 72 கிராம். நம் களியில் கால்சியம் மிகுதி, ஆனால் 100 கிராம் ராகி மாவில் புரதம் சுமார் 7 கிராம்தான். ஆகவே 50 கிராம் உலர்ந்த கொள்ளை ஊறவைத்து முளைகட்டியது (11 கிராம்), இரண்டு முட்டை (12), ஒரு கைப்பிடி வேர்க்கடலை (7), பால் ஆகியவற்றைச் சேர்த்தோம். அப்படியும் காலையில் குறைந்த 12 கிராமுக்கு மட்டுமே அரைக் கரண்டி வே (பாலிலிருந்து பிரித்தெடுக்கும்) புரதப் பொடி. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது குறைந்த ஐசொலேட் வகையே நல்லது என்பேன். கொதிக்கும் கூழில் பொடியைப் போட்டால் கட்டிதட்டிவிடும். ஆறிய நீரில் கரைத்து, வெதுவெதுப்பான கூழில் ஊற்றுங்கள்.

எங்களைத் தடுக்கி விழவைத்த படி பயிற்சிதான். நாற்காலியில் அமர்ந்து எழுவது எளிதென்று எண்ணி பிளாஸ்டிக் நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டேன். மூன்றாவது முறை அமரும்போது அது சிமெண்டுத் தரையில் பின்னோக்கி வழுக்க, அம்மா என் தோளைப் பற்றிக்கொண்டதால் தப்பினார். அன்றிலிருந்து சுவரில் முதுகு முட்டிய மர நாற்காலிதான், அதுவும் உயரம் போதாமல் மடித்த போர்வை போட்டு. பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்சாய்ந்து, மூச்சை வெளிவிட்டபடி எழ வேண்டும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். அமரும்போது மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மெதுவாக இறங்குவதில்தான் தொடைத்தசைக்கு வேலை. பொத்தென்று விழுந்தால் பயனில்லை. எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று, வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று நாள்.

பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். கடையில் விற்கும் டம்பெல்லைவிட மஞ்சப்பையே எனக்குப் பிடிக்கும். அரைக்கிலோ அரிசியில் தொடங்கிக் கால் கால் கிலோவாகக் கூட்டலாம். முழங்காலில் குத்துவலி வந்தால் அன்று நிறுத்திவிடுங்கள்.

பின்சேர்க்கை: தைராய்டு மாத்திரையோடு பொடியைக் குடிக்கலாமா என்று பாலக்கோட்டு வாசகி கேட்டிருந்தார். கூடாது; வெறும் வயிற்றில் மாத்திரை, நான்கு மணி நேரம் கழித்தே பாலும் பொடியும். ஊத்தங்கரையிலிருந்து இன்னொருவர், தம் அத்தைக்கு முதுகு வளையவே இல்லை என எழுதினார். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்குழாய் நீரைப் பல்லாண்டு குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் விறைத்துப்போவதுண்டு. குனிந்து கால்விரலைத் தொடவோ, தாடையை மார்பில் வைக்கவோ முடியாதவர்களை முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் குடிக்கவும் கூழ் காய்ச்சவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரிக் குழாய்நீரையே பயன்படுத்துங்கள்.