சாப்ட்டா வயிறு வலி, ஆனா எல்லா டெஸ்ட்டும் நார்மலா? மால்ஸ் ஆபரேஷனுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

என் தங்கச்சிக்கு ரெண்டு இட்லி உள்ள போனா போதும், 20 நிமிஷத்துல நெஞ்சுக்குழிக்கு கீழ வலி ஆரம்பிச்சுரும். பெரம்பூர் வீட்டு ஹால்ல செவுத்துல சாஞ்சு, முட்டிய நெஞ்சோட சேத்து கட்டிக்கிட்டு உக்காந்துருப்பா, அப்படி இருந்தா தான் கொஞ்சம் தேவலைன்னு சொல்லுவா. வலிக்கு பயந்தே சாப்பாட்ட கொறச்சு ஒரு வருஷத்துல 11 கிலோ எறங்கிட்டா. எண்டோஸ்கோபி நார்மல், பித்தப்பை ஸ்கேன் நார்மல், கேஸ் மாத்திரை மாத்தி மாத்தி குடுத்தாங்க, ஒரு டாக்டர் "எல்லாம் மனசு தான்மா"ன்னு அனுப்பிட்டார். அந்த வார்த்தைய அவ இன்னும் மறக்கல, நானும் தான்.

கடைசியில கண்டுபிடிச்சது மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் சிண்ட்ரோம், சுருக்கமா மால்ஸ். நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற டயஃப்ரம்ல ஒரு நார்ப்பட்டை இருக்கு, அது சில பேருக்கு கொஞ்சம் கீழ எறங்கி, வயிறு கல்லீரல் மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டு போற சீலியாக் ஆர்டரிய அழுத்தும், பக்கத்துல இருக்கிற நரம்பு பின்னலும் சேந்து நசுங்கும். 1963லயும் 1965லயுமே மெடிக்கல்ல எழுதி வச்ச விஷயம் இது. பேர கேட்டு கோதுமை ஒத்துக்காத சீலியாக் நோயோட கொழப்பிக்காதீங்க, அது வேற இது வேற.

ஆபரேஷன் தேதி கேக்குறதுக்கு முன்னாடி, வலி நெஜமாவே இதனால தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. எந்த தொந்தரவும் இல்லாத நெறைய பேருக்கும் ஸ்கேன்ல இந்த அழுத்தம் தெரியும், அதனால படத்த மட்டும் பாத்து கத்தி வைக்க ஒத்துக்காதீங்க. வெறும் வயித்துல, ரத்தம் ஓடுற வேகத்த அளக்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும், அதுவும் மூச்ச இழுத்து ஒரு தடவ, வெளிய விட்டு ஒரு தடவ. மூச்ச விடும்போது தான் அந்த பட்டை நல்லா இறுக்கும், ரத்தத்தோட வேகம் எகிறும். தங்கச்சிக்கு எடுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன், "விடுங்க, அப்படியே நிறுத்துங்க"ன்னு டாக்டர் சொன்ன ஒடனே மெஷின்ல உஷ் உஷ்னு வந்துட்டிருந்த சத்தம் விசில் மாதிரி ஏறிடுச்சு, எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ரத்தக்குழாய படம் எடுக்கிற சிடி ஆஞ்சியோ ஸ்கேன்ல பக்கவாட்டு படத்துல ஆர்டரி கொக்கி மாதிரி வளைஞ்சு தெரியும், ஆனா சிடி பெரும்பாலும் மூச்ச இழுத்துப் பிடிக்க வச்சு எடுக்கறதால அழுத்தம் கம்மியா தெரியலாம், அதனால ரிப்போர்ட் பேப்பர மட்டும் தூக்கிட்டு போகாம ஸ்கேன் படம் இருக்கிற டிஸ்க்கையும் கையோட எடுத்துட்டு போங்க. சில டாக்டர்ங்க நரம்பு பின்னல்ல மரத்துப்போற ஊசி போட்டு பாப்பாங்க, அது போட்டு வலி கொறைஞ்சா ஆபரேஷன்ல பலன் கெடைக்க வாய்ப்பு அதிகம்.

சர்ஜன்கிட்ட கூச்சப்படாம கேளுங்க: இதே ஆபரேஷன் எத்தன பண்ணிருக்கீங்க, ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ற வாஸ்குலர் சர்ஜன் கூட இருப்பாரா, நரம்பையும் எடுப்பீங்களா, நடுவுல ரத்தக்கசிவு வந்தா வயித்த ஓப்பன் பண்ணுவீங்களா. ஒடம்புலயே பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவ ஒட்டி வேல பாக்குற எடம் இது, இந்த கேள்விக்கெல்லாம் கோவப்படுறவர்கிட்ட நான் என் தங்கச்சிய விட மாட்டேன். தனியார்ல செலவு தாங்காதுன்னா சென்ட்ரலுக்கு எதுத்தாப்ல இருக்கிற ஜி.எச்.ல வாஸ்குலரும், வயிறு குடல் ஆபரேஷன் பண்ற சர்ஜிகல் கேஸ்ட்ரோவும் ரெண்டுமே இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா இது எந்த பேக்கேஜ்ல வரும்னு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே கவுன்டர்ல கேட்டுருங்க. மொதல்லயே ஆர்டரிய விரிச்சு வைக்கிற ஸ்டென்ட் (சின்ன வலைக்குழாய்) மட்டும் வச்சுரலாம்னு யாராவது சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க, வெளிய பட்டை இறுக்கிட்டே இருந்தா உள்ள வச்ச ஸ்டென்ட் நசுங்கலாம், ஒடையலாம்.

லேப்ரோஸ்கோபில நாலஞ்சு சின்ன ஓட்டை போட்டு, கார்பன் டை ஆக்ஸைட் அடைச்சு, கல்லீரல ஒதுக்கி, ஆர்டரி மேல இருக்கிற பட்டையையும் நரம்பையும் வெட்டி விடுவாங்க. ரத்தம் மெலிசாக்குற மாத்திரை ஏதாவது சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லிருங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

முடிஞ்சு வந்ததும் தங்கச்சி "அக்கா, வயித்துல பண்ணாங்க, தோள்பட்ட ஏன் வலிக்குது"ன்னு கேட்டா. உள்ள மிச்சமிருக்கிற கேஸ் தான் காரணம், சில நாள்ல போயிரும், எழுந்து மெதுவா நடந்தா நல்லது. கஞ்சி, ரசம் சாதம்னு கொஞ்சம் கொஞ்சமா, நாளைக்கு ஆறு தடவையா குடுங்க. சில பேருக்கு கொஞ்ச நாள் வயித்தால போகும், நரம்ப தொட்டதால. காய்ச்சல், வயிறு கல்லு மாதிரி இறுகறது, மயக்கம், நிக்காத வாந்தி வந்தா காலையில பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே போயிருங்க. தண்ணி கொடம் தூக்கறதெல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் கூடாது.

எல்லாருக்கும் முழுசா சரியாகுறதில்ல, இத முன்னாடியே வீட்ல உக்காந்து பேசிக்கோங்க. வலி திரும்ப வந்தா மறுபடி டாப்ளர் எடுத்து, ஆர்டரி இன்னும் சுருங்கி இருந்தா அப்ப அத உள்ளேருந்து விரிக்க பலூனோ ஸ்டென்ட்டோ யோசிப்பாங்க, பட்டைய வெட்டின பிறகு அதுக்கு அர்த்தம் இருக்கு. தங்கச்சிக்கு மூணு மாசத்துல எடுத்த ஸ்கேன்ல மூச்ச விட்டப்பவும் சத்தம் மாறல, வெளிய வந்ததும் பசிக்குதுன்னு சொல்லி கேன்டீன்ல ரெண்டு இட்லி வாங்கி முழுசா சாப்ட்டா, நான் வாட்ச்ச பாத்துட்டே உக்காந்திருந்தேன், 20 நிமிஷம் தாண்டுச்சு.