சோஷியல் ஒர்க்ல இருந்து லேபர் ரூமுக்கு மாறணும்னு நினைக்கிற பொண்ணுங்களுக்கு

எம்எஸ்டபிள்யூ, அதாவது சோஷியல் ஒர்க்ல முதுகலை, முடிச்சுட்டு பென்னாகரம் பக்கம் ஆறு வருஷம் ஃபீல்டுல இருந்தேன். இப்போ கிருஷ்ணகிரி மாவட்டத்துல லேபர் ரூம்ல, அதாவது பிரசவ அறைல, ஸ்டாஃப் நர்ஸ். எப்படிக்கா மாறுனீங்கன்னு கேட்டு நெறைய பேர் மெசேஜ் பண்றீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் எழுத நைட் டியூட்டிக்கு நடுவுல முடியல, அதனால எல்லாத்தையும் இங்கயே எழுதிடறேன்.

நான் ஏன் மாறுனேன்னு மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்க காரணமும் அந்த அளவுக்கு கெட்டியா இருக்கணும். ஒரு நாள் ராத்திரி மலை கிராமத்துல இருந்து ஒரு பொண்ண 108ல ஏத்திகிட்டு வந்தோம், வழி பூரா என் கைய விடவே இல்ல அவ. ஆஸ்பத்திரி வந்ததும் ஸ்ட்ரெச்சர் உள்ள போச்சு, கதவ சாத்திட்டாங்க, நான் வெளிய பெஞ்சுல அவ செருப்ப வெச்சுகிட்டு உக்காந்திருந்தேன். அஞ்சு மாசமா அவள தெரியும் எனக்கு, மொத குழந்த எப்படி தவறுச்சு, ரத்தம் எவ்வளவு கம்மி, வீட்ல யாரு பேச்சு எடுபடும், எல்லாம் தெரியும். ஆனா உள்ள போய் ஒரு கை குடுக்க எனக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு முடிவு பண்ணதுதான். சம்பளத்துக்காகவோ என்ஜிஓ மேனேஜர் மேல இருக்குற கோவத்துலயோ மாறாதீங்க, மொத வருஷம் படுற பாட்டுல அந்த கோவம் எல்லாம் காணாம போயிடும்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (பிஎச்சி) போங்க, கர்ப்பிணிங்க செக்கப்புக்கு வர்ற நாள் அது. அனுமதி கேட்டுட்டு காலைல இருந்து மதியம் வரைக்கும் விஎச்என், அதான் கிராம சுகாதார நர்ஸ், அக்கா பக்கத்துல நின்னு பாருங்க. எடை, பிபி, ரத்தத்துல எச்பி அளவு, வயித்துல கை வெச்சு குழந்த எப்படி கெடக்குதுன்னு பாக்குறது, இதையே நாப்பது பேருக்கு செய்யணும். அத பாத்து அலுப்பு வருதா இல்ல நாமளும் கை வெச்சு பாக்கணும்னு தோணுதான்னு கவனிங்க. ரத்தம், பனிக்குட தண்ணி வாடை எல்லாம் பழகிடும், அதுக்கு பயப்படாதீங்க.

அடுத்து கோர்ஸ். எம்எஸ்டபிள்யூவ வெச்சு நேரா உள்ள போற வழி எதுவும் கெடையாது, இத மொதல்ல மனசுல போட்டுக்கோங்க, பிளஸ் டூ மார்க் ஷீட்ட தேடி எடுக்கணும். நம்ம நாட்ல நர்ஸும் மிட்வைஃபும் (பிரசவம் பாக்குறவங்க) ஒண்ணாதான் பதிவு ஆகும். ஜிஎன்எம் (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) டிப்ளமோ 3 வருஷம், பிஎஸ்சி நர்சிங் 4 வருஷம், ரெண்டுல எத முடிச்சாலும் ரெண்டு பதிவும் கெடைக்கும். ஏஎன்எம்ங்கற துணை நர்ஸ் படிப்பு 2 வருஷம், அது விஎச்என் வேலைக்கு போற வழி. பிஎஸ்சிக்கு பிளஸ் டூல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி இங்கிலீஷ் இருக்கணும், 45 சதவீதம், எஸ்சி எஸ்டிக்கு 40. ஜிஎன்எம்முக்கு இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி 40 சதவீதமும் இங்கிலீஷும் போதும், சயின்ஸ் குரூப்பா இருந்தா முன்னுரிமை. கவர்மெண்ட் சீட்டுக்கு மாநிலத்தோட சேர்க்கை விதி தனி, அந்த வருஷ பிராஸ்பெக்டஸ வரி விடாம படிங்க. நீங்க காமர்ஸ் குரூப்பா இருந்து பிஎஸ்சிதான் வேணும்னா என்ஐஓஎஸ்ங்கற தேசிய திறந்தநிலை பள்ளில சயின்ஸ் சப்ஜெக்ட் எழுதுற வழி இருக்கு, அதையும் கவுன்சில் ஏத்துக்குது, ஆனா ஒரு வருஷம் கூட ஆகும்.

வயசு ரொம்ப முக்கியம். கவுன்சில் விதில அதிகபட்சம் 35, மாநில சேர்க்கைல அதுவும் மாறலாம். அதனால முப்பது தாண்டுனவங்க அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. நான் 28ல ஜிஎன்எம் சேந்தேன், அப்புறம் ஜிஎன்எம் முடிச்சவங்களுக்கான போஸ்ட் பேசிக் பிஎஸ்சி 2 வருஷம் பண்ணிக்கலாம்னு கணக்கு. இன்னைக்கு யாராவது கேட்டா, வீட்ல தாங்க முடியும்னா நேரா பிஎஸ்சியே பண்ணுங்கம்பேன், பின்னாடி அதுக்கு மேல படிக்கிறது சுலபம்.

காலேஜ் சேரும்போது ஏஜெண்ட் பேச்ச நம்பாதீங்க. நம்ம பக்கம் ஓசூர் தாண்டுனா கர்நாடகா, அங்க சீட்டு வாங்கித் தரேன், கிளாஸுக்கு வராமலே முடிச்சிடலாம்னு ஆளுங்க வருவாங்க. கிளாஸுக்கு போகாம நர்சிங் கெடையாது, அஞ்சல் வழியும் கெடையாது. இந்தியன் நர்சிங் கவுன்சில் லிஸ்ட்லயும் தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் லிஸ்ட்லயும் பேர் இருக்கான்னு நீங்களே பாருங்க, பிஎஸ்சின்னா எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் இருக்கான்னும் பாருங்க. இன்னொண்ணு, பிரசவம் நெறைய நடக்குற ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங் அனுப்புறாங்களான்னு சீனியர் பிள்ளைங்கள தனியா கூப்பிட்டு கேளுங்க. பில்டிங் எவ்வளவு பெருசா இருந்தாலும் பாக்க கேஸ் இல்லைன்னா ஒண்ணும் கத்துக்க முடியாது.

பணம் பத்தி சுருக்கமா சொல்றேன், படிக்கிற வருஷங்கள்ல சம்பளம் வராது, பார்ட் டைம் வேலைக்கும் நேரம் இருக்காது, ஃபீஸ் போக ஒரு வருஷ வீட்டுச் செலவாவது கைல வெச்சுகிட்டு எறங்குங்க.

கிளாஸ்ல 18 வயசு பிள்ளைங்க கூட உக்காரணும், டியூட்டர் உங்கள விட சின்னவங்களா இருப்பாங்க. அதுல வருத்தப்பட எதுவும் இல்ல, அந்த பிள்ளைங்கதான் எனக்கு அனாடமி சொல்லிக் குடுத்துச்சுங்க, நான் அவங்களுக்கு சைக்காலஜியும் சோஷியாலஜியும் சொல்லிக் குடுத்தேன். ஜிஎன்எம்ல மிட்வைஃபரி மூணாவது வருஷம்தான் வரும், பிஎஸ்சில ஆறாவது ஏழாவது செமஸ்டர்ல. அதுவரைக்கும் பெட் போடுறது, ஊசி, டிரிப்பு, ஆர்த்தோ வார்டு எல்லாம் செய்யணும், அத வேஸ்ட்னு நினைக்காதீங்க, நடுராத்திரி ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு ஆகும்போது சட்டுனு வெயின் கெடைக்கறது அந்த பழக்கத்துலதான்.

இப்போ லேபர் ரூம். நான் பண்ண ஒரு தப்ப சொல்றேன். ஸ்டூடண்ட்டா இருந்தப்போ ஒரு சின்ன பொண்ணு, மொத பிரசவம், பயந்து கத்திகிட்டே இருந்துச்சு, நான் பக்கத்துல உக்காந்து இடுப்ப நீவி விட்டு பேசி பேசி அடக்கிட்டேன், எனக்கு அவ்வளவு நிம்மதி. சீனியர் சிஸ்டர் வந்து பார்ட்டோகிராஃப, அதான் பிரசவம் எப்படி போகுதுன்னு மணிக்கணக்கா குறிக்கிற சார்ட்ட, எடுத்தாங்க, ஒரு மணி நேரமா குழந்தையோட ஹார்ட் ரேட் எழுதாம காலியா கெடக்கு. திட்டல, என் கைய புடிச்சு குழந்தையோட இதயத் துடிப்ப கேக்குற ஃபீட்டல் டாப்ளர அந்த வயித்துல வெச்சு, "நீ பேசுறது அந்த பிள்ளைக்கு நல்லதும்மா, உள்ள இருக்கறது பேசாது, அத நாமதான் கேக்கணும்" அப்படின்னாங்க. 142 இருந்துச்சு. 110ல இருந்து 160க்குள்ள இருக்கணும், வலி நேரத்துல அரை மணிக்கு ஒரு தடவ, முக்குற நேரத்துல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கேக்கணும். நம்மள மாதிரி சோஷியல் ஒர்க்ல இருந்து வர்றவங்களுக்கு இந்த ஆபத்து உண்டு, பேசத் தெரியும்ங்கறதால பேச்சுலயே நின்னுடுவோம். வாய் பேசட்டும், கண்ணு கடிகாரத்துலயும் கை வயித்துலயும் இருக்கணும்.

எழுதுறதும் மாறணும். கேஸ் ரிப்போர்ட்ல குடும்பப் பின்னணி எல்லாம் பக்கம் பக்கமா எழுதுவோம், இங்க மணி போட்டு பாத்தத மட்டும் எழுதணும். குழந்த பொறந்த நேரம், ஒரு நிமிஷத்துக்குள்ள ரத்தப்போக்கு ஆகாம இருக்க ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட்டது, நஞ்சுக்கொடி முழுசா வந்துச்சான்னு விரிச்சு பாத்தது, எவ்வளவு ரத்தம் போச்சுன்னு. 500 மில்லி தாண்டுனா டாக்டருக்கு சொன்ன நேரத்தையும் எழுதணும்.

ஆனா பழைய வேலைல இருந்து கொண்டு வர வேண்டியது நெறைய இருக்கு, அத யாரும் உங்களுக்கு சொல்ல மாட்டாங்க. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் சின்ன வயசு கல்யாணம் இன்னும் நடக்குது. பதினாறு வயசு பொண்ணு வலியோட வந்து நிக்கும், கூட வந்தவங்க பத்தொம்பதும்பாங்க, ஆதார் கேட்டா வீட்ல இருக்குதும்பாங்க. 18க்கு கீழன்னு தெரிஞ்சா கல்யாணம் ஆகியிருந்தாலும் போக்சோ, அதான் குழந்தைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காக்குற சட்டம், அதுபடி தகவல் சொல்லியே ஆகணும், அந்த பயத்துலயே சில குடும்பம் ஆஸ்பத்திரிக்கு வராம வீட்லயே பாத்துக்கறாங்க. அந்த எடத்துல கத்தாம, மெரட்டாம, மொதல்ல பிரசவம் நல்லபடியா ஆகட்டும்னு உக்கார வெச்சு பேசி, குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கும் சொல்லி, பொண்ணு பக்கமே நிக்கத் தெரிஞ்ச ஆளு வார்டுல வேணும். மூணாவதும் பொண்ணா பொறந்தா வெளிய நிக்கறவங்க மூஞ்சி மாறும் பாருங்க, பொறந்த பொண்ணு குழந்தைய கொல்லாம அரசு கிட்ட விடுறதுக்காக 1992ல தொட்டில் குழந்தை திட்டம் வந்ததும் பின்னாடி அது தருமபுரிக்கு விரிவானதும் ஏன்னு நம்ம ஊர் ஆளுக்கு சொல்லத் தேவையில்ல. அந்த தாய வார்டுல தனியா விடாதீங்க, வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஊர் விஎச்என்னுக்கு ஒரு போன் போடுங்க. மொத ரெண்டு பிரசவத்துக்கு வர்றவங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்துல 18,000 ரூபா உதவி இருக்கு, கர்ப்பத்த அரசு கிட்ட பதிவு பண்ணா கெடைக்கிற பிக்மி நம்பர் இல்லாம அது தவறிப் போகும், அதையும் நீங்கதான் கேக்கணும்.

இந்த ரெண்டு வேலையும் சேந்து நடக்குறத பாக்கணும்னா சித்தேரி மலைக்கு பக்கத்துல சிட்லிங்கிய பாருங்க, 1993ல டாக்டர் ரெஜியும் லலிதாவும் ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, அந்த பள்ளத்தாக்கு பொண்ணுங்களையே பயிற்சி குடுத்து வேலைக்கு வெச்சாங்க.

படிச்சு முடிச்சதும் மொத வேலை சென்னைல கவுன்சில் பதிவு, அது இல்லாம யாரு கூப்பிட்டாலும் டியூட்டி பாக்காதீங்க. கவர்மெண்ட் வேலைக்கு எம்ஆர்பி, அதான் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், மூலமா எடுப்பாங்க, நோட்டிஃபிகேஷன் எப்ப வரும்னு காத்துகிட்டு சும்மா இருக்காம பிரசவம் நடக்குற ஒரு எடத்துல சேந்து கைய பழக்குங்க. கொஞ்ச வருஷம் லேபர் ரூம் அனுபவம் ஆனதும் நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரின்னு 18 மாச படிப்பு இருக்கு, மத்திய அரசு 2018ல வழிகாட்டி வெளியிட்டுச்சு, சிக்கல் இல்லாத பிரசவத்த மிட்வைஃபே முன்ன நின்னு பாக்கணும்ங்கறதுதான் அதோட நோக்கம். என் கண்ணு அதுலதான் இருக்கு.

போஸ்டிங் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் கெடைச்சா வேணாம்னு சொல்லிடாதீங்க. அங்க கன்னடமும் தெலுங்கும் பேசுற வீடுங்க அதிகம், வலிக்கு கன்னடத்துல நோவு, தெலுங்குல நொப்பி. எப்ப இருந்து, எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ, தண்ணி ஒடஞ்சுதா, குழந்த அசையுதா, இந்த நாலு கேள்விய ரெண்டு பாஷைலயும் கேக்க அங்க இருக்குற ஆயாம்மா கிட்ட மொத நாளே கத்துக்கோங்க.