போக்கிமான் கார்டு ஏலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குன்னூரிலிருந்து ஒரு கணக்கு

வாரா வாரம் ஏலத்தோடுதான் எனக்குப் பிழைப்பு. குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் வேலை. 1963 முதல் இங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்பே ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் போய்விடும். ருசி பார்க்கிறவர் டிகாக்‌ஷனை உறிஞ்சித் துப்பி, இலையை முகர்ந்து, இன்ன விலை தாங்கும் என்று எழுதி வைப்பார். அதற்குப் பிறகுதான் கேட்பதெல்லாம். ருசி பார்க்காத லாட்டில் கைவைக்கும் வியாபாரியை நான் கண்டதில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் சம்பளம் வாங்கும் நான்தான் 2021இல் ஒரு போக்கிமான் கார்டை, விளையாடவும் சேர்த்து வைக்கவும் வாங்குகிற அந்தப் படச் சீட்டை, படத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்காமல் இணைய ஏலத்தில் எடுத்தேன். போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேத்தி, வெலிங்டன் பக்கத்துப் பையன்கள் நாலைந்து பேர் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அருவங்காட்டில் என் வீட்டுக்கு வருகிறார்கள். "அண்ணா, சீப்பா போயிட்டு இருக்கு, போட்டுடவா?" என்று போனை நீட்டுகிறார்கள். பார்த்தால் நான் விழுந்த அதே குழி.

பாஸ்வேர்டைப் பகிராதே, மதிப்பெண் இல்லாத விற்பனையாளரிடம் வாங்காதே என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

முத்திரையைப் பார்த்து மயங்குவது

போக்கிமான் கார்டு ஆங்கிலத்தில் வந்தது 1999இல். வெளியிட்டது விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். முதல் செட்டில் 102 கார்டு. அதில் முதல் பதிப்பு முத்திரை இருந்தால் விலை பல மடங்கு. இந்த அளவுக்குப் படித்துவிட்டு வருகிறார்கள். படிக்காமல் விட்டது மாச்சாம்ப் என்ற போக்கிமானின் கார்டு.

8/102 என்று எண்ணிட்ட மாச்சாம்ப், இரண்டு பேர் ஆடும் தொடக்கப் பெட்டியோடு வந்த கார்டு. அந்தப் பெட்டியைத் திரும்பத் திரும்ப அச்சடித்தபோதும் மாச்சாம்பின் மேல் முதல் பதிப்பு முத்திரை அப்படியே இருந்தது. ஆக, அநேகமாக எல்லா மாச்சாம்பும் முதல் பதிப்புதான். ஊரெல்லாம் முதல் பிள்ளை என்றால் முதல் பிள்ளைக்கு என்ன தனி மரியாதை?

இன்னொன்று சாரிஸார்ட். 1999இன் சாரிஸார்ட் 4/102. 2016இல் எவல்யூஷன்ஸ் என்று ஒரு செட் வந்தது. பழைய கார்டின் அதே சாயல், அதே மஞ்சள் ஓரம். அதில் சாரிஸார்டின் எண் 11/108. ஏலத் தலைப்பில் 'பழைய சாரிஸார்ட்' என்று போட்டு இதை வைக்கிறார்கள். கார்டின் அடியில் பொடி எழுத்தில் ஆண்டு இருக்கும். அதைப் படிக்க முடியாத படமென்றால் வேறு படம் கேளுங்கள், தராவிட்டால் நகருங்கள்.

ஏலத்தில் நிற்கும் தொகையை விலை என்று நினைப்பது

இதைத்தான் எழுத வந்தேன். ஐந்து வருஷமாகியும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அமெரிக்க ஏலங்களில் பலவற்றை அவர்கள் ஞாயிறு மாலையில் முடிகிற மாதிரி வைக்கிறார்கள். நமக்கு அது திங்கள் காலை. கோடையில் ஆறரை, ஏழரை. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி. 2021இல் அப்படி ஒரு திங்கள்: எங்கள் ஊர் வெடிமருந்து ஆலையான கார்டைட் ஃபேக்டரியின் சங்கு ஊதும் நேரம், கையில் காபி, போனில் மாச்சாம்ப். 38 டாலரில் எனக்கு விழுந்தது. அன்றைக்கு டாலர் சுமார் 74 ரூபாய். 2,812 ரூபாய்க்கு முதல் பதிப்பு என்று அலுவலகம் போகிற வழியெல்லாம் சிரிப்பு.

அதன்பின் பில் வந்தது. தபால் செலவு 21 டாலர். அது பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருந்தது; நான் பார்க்கவில்லை. ஆக 59 டாலர், 4,366 ரூபாய். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணத்துக்கு 3.5 விழுக்காடு, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; அது ஒரு 180 ரூபாய். பிறகு சுங்கவரி. தனி ஆள் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருளுக்கு அப்போது எல்லாம் சேர்த்து 77.28 விழுக்காடு. அதுவும் கார்டின் விலைக்கு மட்டுமல்ல. தபால் செலவையும் சேர்த்த மதிப்புக்கு வரி. அதாவது 21 டாலர் கொடுத்து வரவழைத்ததற்கே வரி கட்டினேன். போஸ்ட்மேன் வாசலில் நின்று ரசீதை நீட்டினார்: 3,374 ரூபாய். அவர் மேல் என்ன தப்பு? டீ குடித்துவிட்டுப் போனார்.

கூட்டிப் பார்த்தால் 7,920. அதே கார்டு, அதைவிட நல்ல நிலையில், பெங்களூரில் ஒருவர் 4,500க்கு வைத்திருந்தார். கூரியர் உட்பட.

கதை இதோடு முடிந்ததா என்றால் இல்லை. கார்டின் மேல் மூலையில் ஒரு மடிப்பு. விற்றவருக்கு எழுதினேன். "மூன்றாவது படத்தில் இருக்கிறதே" என்றார். இருந்தது. நான் முதல் படத்தோடு நிறுத்தியிருக்கிறேன். சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு விற்றவர் தலையில் விழும். படத்தில் காட்டிய குறைக்கு அந்த உரிமை கிடையாது. இருந்தாலும் மனுஷன் நல்லவர், உன் செலவில் அனுப்பு, 38 டாலரைத் தருகிறேன் என்றார். தபால் செலவு இரண்டு பக்கமும் என்னுடையது. கட்டிய சுங்கவரியில் ஒரு பங்கை, பொருளைத் திருப்பி ஏற்றுமதி செய்தால் மீட்க சட்டத்தில் வழி உண்டு, 74ஆவது பிரிவு. ஒற்றைக் கார்டுக்கு அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைய இரண்டு நாள் லீவு போட வேண்டும். விட்டுவிட்டேன்.

எரிச்சல் எதனால் என்றால், இந்தக் கணக்கு எனக்குத் தெரியாத கணக்கல்ல. தேயிலை வாங்குகிறவர் ஏலத்தில் கிலோ இன்ன விலை என்று கேட்கும்போதே வரி, கிடங்கு, லாரி வாடகை எல்லாம் போட்டு தன் ஊர்க் கடை வாசலில் என்ன விலை விழும் என்பதை மனதில் வைத்துத்தான் விலை போடுவார். தினமும் அதைப் பார்க்கிறவன் நான்.

பையன்களுக்கு இப்போது கணக்கைப் பின்னாலிருந்து போடச் சொல்கிறேன். கைக்கு வந்து சேரும்போது அதிகபட்சம் எத்தனை ரூபாய்? 5,000 என்று வையுங்கள். என் காலத்து வரியும் கிரெடிட் கார்டு கட்டணமும் சேர்ந்தால் ஒவ்வொரு ரூபாய்ப் பொருளும் 1.81 ரூபாய் ஆகிறது. 5,000த்தை 1.81ஆல் வகுத்தால் 2,760 ரூபாய், டாலரில் 37. அதில் தபால் 21ஐக் கழியுங்கள். மிஞ்சுவது 16. ஆக நான் கேட்டிருக்க வேண்டிய உச்சம் 16 டாலர். கேட்டது 38.

வரியை அதற்குப் பிறகு குறைத்திருக்கிறார்கள். ஆகவே என் 77ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏலம் கேட்கும் நாளின் விகிதத்தைப் பாருங்கள். டாலரும் 74இல் இல்லை. முறை மட்டும் மாறாது.

இதிலேயே இன்னொரு சூட்சுமம். தபால் செலவு ஒரு கார்டுக்கும் நாலு கார்டுக்கும் பெரிதாக வித்தியாசப்படாது. ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்கு ஏலம் முடியும்வரை பணம் கட்டாமல் வைத்திருந்து, ஒரே பார்சலாக அனுப்புவாரா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 21 டாலரை நாலாகப் பிரித்தால் கார்டுக்கு ஐந்து டாலர் சொச்சம்தான். ஒற்றைக் கார்டைக் கடல் தாண்டி வரவழைப்பது தென்னை மரத்துக்கு ஆள் கூப்பிட்டு ஒரு காய் பறிக்கச் சொன்ன மாதிரி.

வரிக்குத் தப்பப் பார்சலில் 'பரிசு' என்று எழுதச் சொல்வது

பொய். மேலும் பயனும் இல்லை: 2019 டிசம்பரிலேயே பரிசுச் சலுகையை எடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும்தான் விலக்கு.

ஒவ்வொரு டாலராக ஏற்றுவது

ஈபே மாதிரி தளங்களில் நீங்கள் போடும் தொகை அப்படியே ஏறாது. உங்கள் உச்சத்தைத் தளம் தன்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்தவரைத் தாண்டத் தேவையான ஒரு படி மட்டும் ஏற்றும். 25இலிருந்து 100 டாலருக்குள் என்றால் அந்தப் படி ஒரு டாலர். நீங்கள் 40 போட்டு, அடுத்தவரின் உச்சம் 27 என்றால் உங்களுக்கு 28இல் முடியும்.

இது புரியாமல் 26, 27, 28 என்று தட்டிக்கொண்டே போகிறவர் இரண்டு வேலை செய்கிறார். இந்தக் கார்டுக்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்குத் தண்டோரா போடுகிறார். எதிராளிக்கு ரோஷம் வர வைக்கிறார். பிறகு தனக்கும் வந்துவிடும். அதுதான் விலை.

கடைசி பத்து விநாடியில் போடுவதுதான் சரி என்பார்கள். கோவையில் இருந்தால் செய்யுங்கள். ஜூலை மழையில் மலையில் அந்தப் பத்தாவது விநாடியில் சிக்னல் இருக்கும் என்று எந்தத் தைரியத்தில் நம்புவது? நான் முந்தின இரவே உச்சத்தைப் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். 40 என்று முழுசாகப் போடாமல் 41.37 என்கிற மாதிரி. எல்லாரும் முழு எண்ணில் நிற்கிறார்கள். சில்லறையில் ஜெயித்தவை என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன.

பெட்டியை நம்பி கார்டைப் பார்க்காதது

பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் கார்டை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் கொடுக்கின்றன. இதை ஸ்லாப் என்பார்கள். எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்பதோடு திருப்திப்படுகிறார்கள். போலி செய்கிறவன் எண்ணைக் கற்பனையாகவா போடுவான்? வேறொருவருடைய உண்மையான ஸ்லாபின் எண்ணையே எடுத்துப் போடுவான். அந்த எண்ணுக்குத் தளத்தில் படம் இருந்தால் ஏலப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரம் நாலு பக்கமும் எத்தனை அகலம், ஹோலோவில், அதாவது படத்தின் மேல் மின்னும் பளபளப்புத் தாளில், கீறல் எங்கே. அது கைரேகை மாதிரி.

பெட்டி இல்லாத கார்டு கைக்கு வந்தால் விளிம்பைக் கவனியுங்கள். அசல் அட்டையின் நடுவே மெல்லிய கறுப்புப் படலம் ஒன்று ஓடும். மலிவுப் போலியில் அது இருக்காது; டார்ச் ஒளி தாராளமாக ஊடுருவும்.

பிரிக்காத பழைய பேக்

வேண்டாம். பேக் என்பது உள்ளே என்ன கார்டு என்று தெரியாமல் வாங்குகிற மூடிய உறை. ஹோலோ கார்டு உள்ள பழைய பேக் சற்றுக் கனக்கும்; தராசில் போட்டுக் கனமானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஏலத்தில் விடுகிறார்கள்.

வாட்ஸாப் ஏலம்

வரி இல்லை, கூரியர் நூறு ரூபாய் என்பதால் நம் ஊர்க் குழுக்களில் வாங்குவதைத்தான் இப்போது நானும் விரும்புகிறேன். ஆனால் யு.பி.ஐ.யில் நீங்களே பின் நம்பர் தட்டி அனுப்பிய பணத்தைத் திருப்பி வாங்கித் தர இடையில் யாரும் இல்லை. கேத்திப் பையன் ஒருவன் 3,200 ரூபாய் அனுப்பினான். மறுநாள் அந்த எண்ணும் இல்லை, குழுவில் அந்த ஆளும் இல்லை. வீட்டில் சொல்லப் பயந்துகொண்டு நாலு நாள் கழித்து என்னிடம் வந்தான். அந்த நாலு நாள்தான் நஷ்டம். பணம் போன உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தால் போய்ச் சேர்ந்த கணக்கில் தொகையை நிறுத்தி வைக்கவாவது வாய்ப்பு உண்டு.

பணம் அனுப்பும் முன் ஒன்று கேளுங்கள். கார்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் கையால் எழுதி வைத்து ஒரு படம். கையில் கார்டு இருக்கிறவருக்கு அரை நிமிட வேலை. "என்ன புரோ, நம்பிக்கை இல்லையா?" என்று பதில் வந்தால், ஆமாம் இல்லை.

மழை மாதங்களில் வாங்குவது

அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பார்சல் கீழேயே கிடக்கும். ஈபேயில் புகார் சொல்ல, பொருள் வந்த நாளிலிருந்து 30 நாள். வரவே இல்லையென்றால், வந்து சேரும் என்று அவர்கள் சொன்ன கடைசித் தேதியிலிருந்து 30 நாள். பார்சல் நகரவில்லை, தபால்காரரைக் கேட்போம் என்று காத்திருந்து அந்தத் தேதியைத் தாண்டவிட்டவர்களை எனக்குத் தெரியும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

வந்ததும் முகவரி தெரிய வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஹோலோ கார்டை ஸ்லீவ் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, டாப்லோடர் என்கிற விறைப்பான பிளாஸ்டிக் உறையில் செருகி, சிலிக்கா ஜெல் பையோடு மூடுகிற டப்பாவில் வையுங்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், மேலே உள்ள பளபளப்புத் தாள் உப்பாது. இரண்டு நாளில் கார்டு வில்லாக வளைந்துவிடும். பூஞ்சை பிடிக்காமல் கம்பளித் துணிக்கு நாம் பீரோவில் பல்பு எரிய விடுகிறோமே, அந்தத் தட்டில்தான் என் மாச்சாம்பும் இருக்கிறது. மடிப்போடு, விறைப்பாக. போன மாதம் ஒரு பையன் அதற்கு 1,800 தருகிறேன் என்றான்.