பழைய ஆங்கிலச் சொற்களைப் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும்

ஆங்கிலத்துக்குப் பழைய வாசம் வேண்டுமென்றால் வினைச்சொல்லின் வாலில் ஒரு 'எத்' ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். 'ஐ கோயெத்' என்று எழுதுவது தமிழில் 'நான் போகிறான்' என்று எழுதுவதற்குச் சமம். இந்தச் சொற்களுக்குத் திட்டமான இலக்கணம் உண்டு. அது தமிழ் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகவே பிடிபடும்.

(ஷேக்ஸ்பியர் கால மொழியைப் 'பழைய ஆங்கிலம்' என்பது பேச்சு வழக்குதான். மொழி வரலாற்றில் அந்தப் பெயர் ஏறக்குறைய 1100க்கு முந்தைய மொழிக்கு உரியது. அதைத் தனியாகப் படிக்காமல் ஒரு வரிகூடப் புரியாது.)

முதலில் நீ, நீங்கள்

'தௌ' என்றால் நீ. எழுவாயாக மட்டுமே வரும். 'தீ' என்றால் உன்னை, உனக்கு. 'டு', 'வித்', 'ஃப்ரம்' போன்றவற்றுக்குப் பின்னும் இதுதான். 'தை' என்றால் உன். 'தைன்' என்றால் உன்னுடையது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'தை' இருக்கவேண்டிய இடத்திலும் 'தைன்' வரும்: 'தை நேம்' (உன் பெயர்), ஆனால் 'தைன் ஐ' (உன் கண்). 'மை', 'மைன்' இரண்டும் இதே வழியில் போகும்.

பன்மையில் 'யீ' என்றால் நீங்கள், 'யூ' என்றால் உங்களை. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காக்கிறது. யோவான் 3:7இல் இயேசு நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம் பேசும்போது, சொன்னது 'உனக்கு', மறுபடி பிறக்கவேண்டியவர்கள் 'நீங்கள்'. தமிழ் பைபிளிலும் அப்படியே இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ' ஆகிவிடுவதால் அந்த நுட்பம் காணாமல் போகிறது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் 'யீ'யும் 'யூ'வும் கலந்தே வரும்; அங்கே இந்த விதியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

ஒருவரை மரியாதையாகக் கூப்பிடவும் 'யூ' பயன்பட்டது. 'தௌ' குழந்தைக்கு, வேலையாளுக்கு, நெருங்கியவருக்கு, கோபத்தில் எதிராளிக்கும். 1603இல் ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலே மீது நடந்த ராஜதுரோக வழக்கில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' போட்டுப் பேசினார். அவமதிப்பே அங்கே நோக்கம். கடவுளை 'தௌ' என்பதால் அதை உயர்ந்த மரியாதைச் சொல்லாக நினைக்கிறார்கள். நம் பக்திப் பாடல்களிலும் இறைவன் 'நீ'தானே. நாடகம் படிக்கும்போது ஒரு பாத்திரம் 'யூ'விலிருந்து 'தௌ'வுக்குத் தாவினால் அங்கே நிறுத்திக் கவனியுங்கள்: அன்பு கூடியிருக்கும், இல்லையென்றால் சண்டை வரப்போகிறது.

வினையின் வால்

'தௌ' வந்தால் 'எஸ்ட்' அல்லது 'ஸ்ட்': 'தௌ நோவெஸ்ட்'. 'ஹாஸ்ட்', 'டஸ்ட்', 'கான்ஸ்ட்' அதே குடும்பம்; 'ஆர்ட்', 'வில்ட்', 'ஷால்ட்' ஆகியவற்றில் 'ட்' மட்டும். அவன், அவள், அது என்றால் 'எத்': 'நோவெத்', 'ஹாத்', 'டத்'. நான், நாங்கள், அவர்கள் என்றால் ஒன்றும் ஒட்டாது.

பிழை நேரும் இடங்கள் மூன்று. துணைவினை வந்தபின் முதன்மை வினையில் வால் கூடாது; 'தௌ ஷால்ட் கோ' சரி, 'ஷால்ட் கோயெஸ்ட்' தவறு. கட்டளையில் வால் இல்லை. இறந்தகாலத்தில் 'எத்' வரவே வராது.

'யீ ஓல்ட்' என்று கடைப் பலகையில் பார்ப்பது 'நீங்கள்' என்னும் 'யீ' இல்லை. 'த' ஒலிக்குத் 'தார்ன்' என்றொரு எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது 'ஒய்' போலவே ஆகிவிட, அச்சகத்தார் 'ஒய்' அச்சையே கோத்தார்கள். 'யீ ஓல்ட்' என்பதை 'த ஓல்ட்' என்றே படிக்க வேண்டும்.

இங்கே, அங்கே, எங்கே

நம் இ, அ, எ வரிசை இங்கே அச்சாகப் பொருந்தும். 'ஹிதர்' இங்கு நோக்கி, 'திதர்' அங்கு நோக்கி, 'விதர்' எங்கு நோக்கி. 'ஹென்ஸ்' இங்கிருந்து, 'தென்ஸ்' அங்கிருந்து, 'வென்ஸ்' எங்கிருந்து. 'வென்ஸ்' என்பதிலேயே 'இருந்து' அடங்கியிருப்பதால் முன்னால் 'ஃப்ரம்' மிகை. 1611 பைபிளில் அது இருக்கிறதே என்றால் இருக்கிறது; நீங்கள் எழுதும்போது விட்டுவிடுங்கள்.

'தேர்ஃபோர்' அதனால், 'வேர்ஃபோர்' எதனால். ஜூலியட் மாடத்தில் நின்று கேட்பது 'ரோமியோ, எங்கே இருக்கிறாய்' அல்ல. 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்', அதாவது ஏன் பகைக் குடும்பத்துப் பெயரோடு வந்தாய் என்பது. கையை நெற்றியில் வைத்துத் தேடி நடிப்பதெல்லாம் வீண்.

தெரிந்த சொல் போல ஏமாற்றுபவை

அகராதியைப் புரட்டத் தோன்றாது என்பதால் இவைதான் அதிக ஆபத்து. 'லெட்' தடை என்றும் பொருள்படும்: இந்தியப் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருப்பது தடையோ இடையூறோ இன்றி என்பதற்காக. பழைய பைபிளில் 'சஃபர்' அனுமதி, 'ப்ரிவென்ட்' முந்திப்போ, 'கான்வர்சேஷன்' நடத்தை, 'க்விக்' உயிரோடிருக்கும், 'மீட்' பொதுவாக உணவு. ஷேக்ஸ்பியரில் 'ப்ரெசென்ட்லி' பெரும்பாலும் உடனே. 'மீதிங்க்ஸ்' நம் 'எனக்குத் தோன்றுகிறது' போன்ற அமைப்பு. 'ஐ மீதிங்க்ஸ்' என்று எழுதினால் நான், எனக்கு இரண்டும் சேர்ந்துவிடும்.

பத்திரங்களில்

கிரயப் பத்திரத்தின் ஆங்கிலம் பயமுறுத்தினால் சொல்லை உடைத்துப் படியுங்கள். 'ஹியர்' என்று தொடங்கினால் இந்த ஆவணம், 'தேர்' என்று தொடங்கினால் முன்னே சொன்ன பொருள்: 'ஹியர்பை' இதன்மூலம், 'தேர்ஆஃப்' அதன், 'ஹியரின்ஆஃப்டர்' இதில் இனிமேல். 'தீஸ் ப்ரெசென்ட்ஸ்' என்றால் இந்தப் பத்திரமே; பரிசுகள் அல்ல. 'விட்னஸெத்' ஒருமை வினை, 'சான்று பகர்கிறது' என்று பொருள்; எனவே 'திஸ் டீட் விட்னஸெத்', ஆனால் 'தீஸ் ப்ரெசென்ட்ஸ் விட்னஸ்'.