வீட்டு விறகுக்கு ஒரு சின்னச் செயின்சோ: பார்த்து வாங்கவும் திருத்தி எடுக்கவும்

வீட்டு விறகுக்குச் செயின்சோ வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை சிசி என்றுதான். கடைக்காரரும் 52, 58 என்று எழுதிய பெரிய மிசினை எடுத்து மேசையில் வைப்பார். 20 அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு, பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், விலையும் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருக்கும். அதை வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோலும் ஒயிலும் நிரப்பிப் பாரும் செயினும் பூட்டினால் அது ஏழு கிலோவைத் தாண்டும். அரை மணித்தியாலம் குனிந்து நின்று வெட்டிப் பாருங்கள், கை நடுங்கத் தொடங்கிவிடும். கை நடுங்குகிறவன் கையில் செயின்சோ இருக்கக் கூடாது.

நமக்கு வெட்ட இருப்பது என்ன? காற்றுக்கு முறிந்த வேப்பங்கொப்பு, வேலிக் கிளிசரியா, பட்டுப்போன பாலை, வீரை, எப்போதாவது ஒரு தென்னங்குற்றி. இதற்கு 30 முதல் 35 சிசி மிசினும் 14 அங்குல பாரும் தாராளம். ஒரு அடி மொத்தமுள்ள குற்றியை அது ஒரே வெட்டில் அறுக்கும், அதற்கு மேல் மொத்தமானதை இரண்டு பக்கமும் மாறி நின்று அறுக்கலாம். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 170ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 30 சிசி, பாரும் செயினும் இல்லாமல் நாலு கிலோவுக்குச் சற்று மேல். எம்எஸ் 180 கிட்டத்தட்ட 32 சிசி, பாரம் ஏறக்குறைய அதேதான். இந்த வகையில் பாவித்த மிசின் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், அதே காசுக்கு வருகிற புதுப் பெரிய மிசினை விட அதுதான் லாபம், ஏனென்றால் பத்து வருடம் கழித்தும் அதற்குச் சாமான் தேடி எடுக்கலாம்.

25 சிசியில் மேலே ஒற்றைப் பிடி வைத்த குட்டி மிசினும் மலிவாக விற்கிறார்கள். பாரம் குறைவுதான். ஆனால் அது மரத்தில் ஏறிக் கயிற்றில் தொங்கி வேலை செய்கிற ஆட்களுக்காகச் செய்தது. இரண்டு பிடியும் கிட்டக் கிட்ட இருப்பதால் பார் மேலே எகிறினால் அடக்க முடியாது. தரையில் நின்று விறகு வெட்ட அது வேண்டாம்.

வளவுக்குள் மட்டும்தான் வேலை என்றால் கரண்டில் ஓடுகிற செயின்சோவையும் யோசியுங்கள். 1800, 2000 வாட்ஸில் வருகிறது, காபரேற்றர் இல்லை, பிளக் இல்லை, அடுத்த வருடம் எடுத்தாலும் சுவிச்சைத் தட்டியதும் ஓடும். ஒன்றே ஒன்று, மெல்லிய நீள வயரை இழுத்து ஓட்டக் கூடாது. வோல்ட் இறங்கி மோட்டார் சூடாகிக் கருகிவிடும். 20 மீற்றர் தாண்டினால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள், சுருளையும் முழுவதும் விரித்துவிடுங்கள்.

சரி, பாவித்த மிசினை எப்படிப் பார்ப்பது? விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை நில்லுங்கள். சூட்டில் பல மிசினும் லேசாக ஸ்டார்ட் வரும், குளிரில் வருகிறதா என்பதுதான் கேள்வி. சுவிச்சை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியில் மிசினைத் தொங்கவிடுங்கள். தடக், தடக் என்று விட்டு விட்டு இறங்கினால் கொம்பிரஷன், அதாவது என்ஜினின் உள்ளழுத்தம், இருக்கிறது, சறுக்கிக்கொண்டு ஒரேயடியாக இறங்கினால் விட்டுவிடுங்கள். பிறகு சைலன்சரைக் கழற்றி, புகை வெளிவருகிற ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், பிஸ்டன் தெரியும். அது வழுவழுப்பாக இருக்க வேண்டும். மேலும் கீழுமாகக் கீறல் விழுந்திருந்தால் ஒயில் கலக்காத பெற்றோலில் யாரோ ஓட்டியிருக்கக் கூடும், அந்த மிசின் சும்மா தந்தாலும் வேண்டாம். சைலன்சரைக் கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்கவும் வேண்டாம். கடைசியாகச் செயின் பிரேக்கைத் தட்டிப் பாருங்கள், ஓடுகிற செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். வேகம் கொடுக்கிற விசையை விட்டு ஐடிலில் ஓடும்போது செயின் அசையவே கூடாது.

இனித் திருத்துகிற வேலை. வருடக்கணக்கில் மூலையில் கிடந்த மிசின் பெரும்பாலும் என்ஜின் பழுதாகிக் கிடப்பதில்லை. உள்ளே விட்டுவிட்ட பெற்றோல் காய்ந்து பிசினாகி அடைத்திருக்கும், அவ்வளவுதான். தாங்கியைக் கவிழ்த்துப் பழையதை வெளியே ஊற்றுங்கள், கொக்கிக் கம்பியால் உள்ளே இருக்கிற பெற்றோல் வடியை (பில்டரை) வெளியே இழுத்துப் புதியது போடுங்கள். பெற்றோல் குழாயைத் தாங்கிக்குள் நுழைகிற இடத்தில் மடித்துப் பாருங்கள், அங்கேதான் வெடிப்பு விழும். சோக்கில் ஸ்டார்ட் வந்து, சோக்கைத் திறந்ததும் நின்றுபோகிற மிசினுக்குப் பெற்றோல் போதாமல் இருக்கிறது. குழாயும் வடியும் நல்லதென்றால் காபரேற்றரைத் திறங்கள். உள்ளே மெல்லிய றப்பர் தகடு, டயபிராம், இருக்கும். விரலால் அமத்தினால் துணி மாதிரி வளைய வேண்டும். காய்ந்து சரசரத்தால் டயபிராம் கிட் ஒன்று வாங்கி மாற்றுங்கள், பெரிய செலவில்லை. எந்தத் தகடு, எந்தக் கஸ்கட் எந்த வரிசையில் இருந்தது என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள்.

பிளக் கறுத்து நனைந்திருந்தால் துடைத்து இடைவெளியைச் சரிபாருங்கள், எம்எஸ் 170க்கு 0.5 மில்லிமீற்றர். எயார் பில்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். காபரேற்றரில் எச், எல் என்று இரண்டு திருகாணி இருந்தால் எச் ஆணியை இறுக்கி வேகம் கூட்டாதீர்கள். கீச்சென்று கத்திக்கொண்டு நன்றாக ஓடுகிற மாதிரி இருக்கும், ஆனால் பெற்றோல் குறைந்து, அதோடு வருகிற ஒயிலும் போதாமல் பிஸ்டன் பிடித்துவிடும். மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஓட்டும்போது சத்தம் கொஞ்சம் தடுமாறி, மரத்தில் வைத்ததும் தெளிந்தால் அதுதான் சரியான இடம்.

பெற்றோல் கலவையில் கைக்கணக்கு வேண்டாம். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் 2ரீ (டூ ஸ்ட்ரோக்) ஒயில், 25க்கு 1 என்றால் 40. மலிவு மிசின்கள் பலதில் 25க்கு 1 என்றுதான் போட்டிருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு முடிகிற அளவு மட்டும் கலக்குங்கள். பாருக்கு விடுகிற ஒயில் வேறு. மோட்டார் சைக்கிளில் இருந்து இறக்கிய கழிவு ஒயிலை அதற்கு ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய. அதில் இரும்புத் தூள் இருக்கிறது, ஒயில் பம்பைத் தின்றுவிடும், கையிலும் சமைக்கிற விறகிலும் படும். செயின் ஒயில் கிடைக்காவிட்டால் புது என்ஜின் ஒயில் விடுங்கள். ஒயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு காய்ந்த பலகைக்கு மேலே பிடித்து வேகம் கொடுங்கள், சில நொடியில் பலகையில் ஒரு கோடு விழும். விழாவிட்டால் பாரைக் கழற்றி அந்தச் சின்ன ஓட்டையையும் பாரின் வெட்டுக்காலையும், அதாவது செயின் ஓடுகிற பள்ளத்தையும், மெல்லிய கம்பியால் சுரண்டுங்கள். பூட்டும்போது பாரைத் தலைகீழாக மாற்றிப் பூட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேயும்.

ஆனால் இதெல்லாம் சரியாக இருந்தும் மிசின் வெட்டவில்லை என்று கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். செயின் மொட்டை. வேறொன்றுமில்லை. பாலை நம் காட்டு மரங்களில் கல்லுக்கு அடுத்தது, காய்ந்த பாலையில் மொட்டைச் செயினை வைத்து அமத்தினால் புகைதான் வரும். விழுகிற தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். செதில் செதிலாக இருந்தால் செயின் கூர், மா மாதிரி இருந்தால் அரம் எடுக்க வேண்டிய நேரம். பல்லை வெயிலுக்குத் திருப்பியும் பார்க்கலாம். வெட்டுகிற ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு மினுங்கினால் அது மழுங்கின இடம். கூர் ஓரத்தில் வெளிச்சம் நிற்காது.

உருண்டை அரம் வாங்கும்போது அளவு முக்கியம். சின்ன மிசின்களில் வருகிற 3/8 லோ புரொபைல் செயினுக்கு 4 மில்லிமீற்றர், .325 செயினுக்கு 4.8. எந்தச் செயின் என்று தெரியாவிட்டால் அடுத்தடுத்த மூன்று ஆணியில் முதலாவதில் இருந்து மூன்றாவதுவரை அளந்து இரண்டால் பிரியுங்கள், அதுதான் பிட்ச். 3/8, .325 என்பதெல்லாம் அங்குலத்தில் அந்த அளவுதான். புதுச் செயின் வாங்கப் போகும்போது பிட்ச், பாரின் வெட்டுக்கால் அகலம், கீழே நிற்கிற பற்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். 14 அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கினால் ஒன்றிரண்டு கண்ணி கூடிக் குறையும், ஒரே நீளப் பாரில் 50ம் வரும், 52ம் வரும்.

தீட்டுவது இப்படி. பாரைக் குற்றியில் அசையாமல் இறுக்குங்கள், செயினையும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள். பல்லின் மேலே சாய்வாக ஒரு கோடு பொறித்திருக்கும், பெரும்பாலும் 30 பாகை, அரம் அதே சாய்வில் போக வேண்டும். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் அரம்தான் வீணாகும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் முடித்துவிட்டு மற்றப் பக்கம். ஒரு பக்கப் பல் நீண்டு மற்றப் பக்கம் குட்டையாக இருந்தால் வெட்டு நேரே போகாமல் வளையும், ஆகவே ஆகக் குட்டையான பல்லைப் பார்த்து மற்றவற்றை அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். நாலைந்து தரம் தீட்டியதும் பல்லுக்கு முன்னால் நிற்கிற மொட்டை மேட்டைத் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும், பல்லின் ஓரத்தை விட 0.65 மில்லிமீற்றர் கீழே, அதற்கு மேல் வேண்டாம். கூடக் குறைத்தால் பாலையிலும் வீரையிலும் கொழுவிக்கொண்டு மிசின் கையைவிட்டுத் துள்ளும்.

தீட்டின செயினைக் காப்பாற்றுவதும் இருக்கிறது. நிலத்தில் இழுத்துக்கொண்டுவந்த குற்றியில் மண் ஒட்டியிருக்கும், தட்டிவிட்டு வெட்டுங்கள். இரண்டு சோடிக் கவர்த்தடியை நட்டு அதன்மேல் குற்றியை வைத்தால் செயின் நிலத்தில் படாது, இடுப்பும் நோகாது. பனையும் தென்னையும் செயினைச் சீக்கிரம் மழுக்கும், அந்த மரங்களில் மண்ணில் இருக்கிற சிலிக்கா சேர்ந்திருக்கிறது. தும்பும் ஸ்புரொக்கட் (செயினை ஓட்டுகிற பற்சில்லு) மூடிக்குள் அடையும், இடையிடையே கழற்றித் தோண்டுங்கள்.

வன்னியில் இன்னொன்று, இதை வேறு ஊர்க் கையேட்டில் எழுதமாட்டார்கள். சண்டைக்கு முன்பிருந்து நிற்கிற மரம் என்றால் உள்ளே செல் துண்டோ சன்னமோ இருக்கலாம். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிடும். பட்டையில் பழைய தழும்பு, புடைப்பு, ஓட்டை ஆறின அடையாளம் தேடுங்கள். வெட்டுமுகத்தில் கருநீலமாக ஒரு கறை தெரிந்தால் கிட்டடியில் இரும்பு இருக்கிறது, மரத்தின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும். அங்கே நிறுத்தி ஒரு முழம் தள்ளி வெட்டுங்கள். வேலிக்கட்டைகளில் முள்ளுக்கம்பியும் ஆணியும் இதே மாதிரி ஒளிந்திருக்கும். மிதிவெடிப் பலகை நிற்கிற பக்கம் பட்ட மரம் எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் போகாதீர்கள்.

சாரத்தோடும் இறப்பர் செருப்போடும் செயின்சோ பிடிக்காதீர்கள். நீளக் காற்சட்டை, சப்பாத்து, கண்ணாடி, காதுக்கு அடைப்பு. முதிரை வெட்டினால் மூக்கையும் மூடுங்கள், அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். பாரின் நுனி மேல்பாதி எதிலும் முட்டக் கூடாது, முட்டினால் பார் முகத்துக்கு நேரே எகிறும். தனியே வெட்டப் போகவும் வேண்டாம்.

பாவித்த மிசின் வாங்கும்போது பதிவுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள், செயின்சோக்களைப் பொலிஸில் பதியச் சொல்லி 2019இல் இலங்கை அரசு அறிவித்தது. சொந்தக் காணி என்றாலும் பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். மற்ற மரங்களுக்கும், வெட்டினதை வீதியால் ஏற்றுவதற்கும் என்ன கடிதம் தேவை என்று கிராம அலுவலரிடம் முதலே கேட்டுவிடுங்கள்.

மாரிக்கு முன் விறகு அடுக்கி முடிந்ததும் தாங்கியில் மிச்சமுள்ள பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டு, மிசின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். வேலை நடக்கிற நாட்களிலும் முடிந்ததும் செயினைத் தளர்த்தி வையுங்கள், சூட்டில் இறுக்கினது ஆறும்போது சுருங்கிப் பாரைப் பிடிக்கும். மாரிக்கு வைக்கும்போது செயினைக் கழற்றி ஒயில் தொட்ட துணியில் சுற்றி, அரத்தையும் அதோடு வைத்துவிட்டால் தையில் தேட வேண்டி வராது.