சிறப்புக் குழந்தையோடு ஆர்லாண்டோ: வரிசை, சத்தம், சாப்பாடு, பாதுகாப்பு

அமெரிக்கா வந்து ஆறு மாதம் ஆவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள், “டிஸ்னி போயாச்சா?” என்று. ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ (கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும்) உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியைச் சிரித்தே சமாளித்துவிடுவது வழக்கம். சமாளிக்கத் தேவையில்லை, ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னிக்குப் போகலாம். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ராட்டினம் ரொம்பவே பிடிக்கும். வேகம், காற்று, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் ஆட்டம் எல்லாமே அவர்களுக்குச் சுகம். ராட்டினத்துக்கு முன்னால் நிற்கிற 70 நிமிட வரிசைதான் அன்றைய பொழுதைக் கெடுப்பது. அதனால் முதல் வேலை வரிசைக்கு ஒரு வழி பண்ணுவது. ஹோட்டலும் விமானமும் பிறகு.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்

வரிசையில் நிற்க முடியாத பிள்ளைகளுக்குப் பெரிய பார்க்குகள் எல்லாவற்றிலும் மாற்று ஏற்பாடு இருக்கிறது. உடல், மனக் குறைபாடு உள்ளவர்களைப் பொது இடங்களில் ஒதுக்கக் கூடாது என்று 1990ஆம் ஆண்டு வந்த ஏ.டி.ஏ. சட்டம் சொல்கிறது. எனவே இது யாரும் இரக்கப்பட்டுத் தரும் சலுகை இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு: இதைக் கேட்டால் விசாவில், கிரீன் கார்டில் ஏதாவது பதிவாகுமோ? ஆகாது. இது தனியார் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குச் செய்து தரும் ஏற்பாடு. அரசு உதவித்தொகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டிஸ்னியில் இந்த ஏற்பாட்டின் பெயர் டி.ஏ.எஸ். (டிசெபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்). 2024இல் விதியை இறுக்கிவிட்டார்கள். இப்போது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நீண்ட நேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குத்தான் அது கிடைக்கும். கால் வலி, வெயில் ஒத்துக்கொள்ளாமை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிய நிலை போன்றவற்றுக்கு வேறு ஏற்பாடுகளைச் சொல்வார்கள்.

டி.ஏ.எஸ். கிடைத்துவிட்டால் உடனே உள்ளே போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். காத்திருக்கும் நேரம் பெரிதாகக் குறையாது, வரிசைக்கு வெளியே காத்திருக்கலாம், அவ்வளவுதான். காலை 11 மணிக்குப் பலகையில் 60 நிமிடம் என்று இருந்தால், ஏறக்குறைய 12 மணிக்கு வரச் சொல்லி ஆப்பில் நேரம் விழும். அந்த ஒரு மணி நேரத்தில் சாப்பிடலாம், நிழலில் உட்காரலாம், சின்ன ராட்டினம் ஒன்றில் ஏறலாம். குறித்த நேரம் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, முன்னதாகப் போனால்தான் விடமாட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரு ராட்டினத்துக்குத்தான் பதியலாம். யார் பெயரில் டி.ஏ.எஸ். இருக்கிறதோ அந்தப் பிள்ளை கட்டாயம் ஏற வேண்டும். பிள்ளையைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் ஏற முடியாது.

மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். டி.ஏ.எஸ்.ஸில் பிள்ளையைச் சேர்த்து 4 பேர், அல்லது அதே வீட்டின் நேரடிக் குடும்பத்தார், அவ்வளவுதான் அடங்குவார்கள். நண்பர் வீட்டார் தனி வரிசையில் நிற்பார்கள். இதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டால் வாசலில் மனத்தாங்கல் வராது.

வீடியோ பேட்டி: இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள்

பதிவு வீடியோ வழியாக நடக்கிறது. பயணத்துக்குச் சில வாரம் முன்பே முடித்துவிடுங்கள், போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முதலில் எழுத்து வழி அரட்டை வரும், அதற்கே காக்க வேண்டியிருக்கலாம். பிள்ளை உடன் இருந்தாக வேண்டும், ஆனால் அவ்வளவு நேரமும் திரைக்கு முன் உட்கார வேண்டியதில்லை. ஆள் வந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

டாக்டர் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வரிசையில் நிற்க வைத்தால் என்ன ஆகும்? நம் வீடுகளில் வெளியாளிடம் பிள்ளையின் குறையைச் சொல்வதில்லை. “கொஞ்சம் துறுதுறு, மற்றபடி ரொம்ப நல்ல பையன், சொன்னால் கேட்டுக்கொள்வான்” என்றுதான் வாயில் வரும். அந்த ஒரு வாக்கியம் போதும், விண்ணப்பம் தள்ளுபடியாக. நோயின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினாலும் போதாது. நடப்பதைச் சொல்லுங்கள்: எத்தனை நிமிடம் தாங்குவான், பிறகு என்ன செய்வான், உங்களால் அடக்க முடிகிறதா, எவ்வளவு நேரத்தில் தணிவான். உதாரணமாக: “கடையில் பில் போடும் வரிசையில் 5 நிமிடம் தாண்டினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து தலையை இடித்துக்கொள்வான். பக்கத்தில் நிற்பவர் உரசினால் தள்ளிவிடுவான். சங்கிலியைத் தாண்டி ஓடிவிடுவான். ஓய்வதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.” இதை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு முன்னால் இதையெல்லாம் சொல்வது சங்கடம்தான். முகம் காட்டி, பெயர் சொன்னபின் பிள்ளையை அடுத்த அறைக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள்.

மிகைப்படுத்தியும் சொல்லாதீர்கள். பொய் என்று தெரிந்தால் பார்க்குக்குள் வரவே தடை போட்டு, டிக்கெட் பணத்தையும் திருப்பித் தர மாட்டார்கள்.

கிடைக்கவில்லையா? ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள், அதற்குக் குறைபாடு எதுவும் காட்ட வேண்டியதில்லை. பெரியவர்களில் ஒருவர் ஏற, மற்றவர் ஏறாத பிள்ளையோடு வெளியே இருப்பார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இடையில் வெளியே போய்விட்டு வரிசைக்குத் திரும்பும் ஏற்பாடும் இருக்கிறது. அதுவும் சரிப்படாது என்றால் லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் பதியலாம்.

யூனிவர்சல் வேறு கதை

யூனிவர்சல், சிக்ஸ் பிளாக்ஸ், சீ வேர்ல்ட் ஆகிய மற்ற நிறுவனங்களின் பார்க்குகளில், குறைபாடு உள்ளவர்களுக்கு ஐ.பி.சி.சி.இ.எஸ். என்ற அமைப்பு தரும் ஐ.ஏ.சி. அட்டை வேண்டும். இலவசம்தான், இணையத்தில் பதியலாம். போகும் நாளுக்கு 48 மணி நேரம் முன்பாவது முடித்திருக்க வேண்டும். ஒரு வாரம் விட்டுக்கொள்வது நல்லது. டிஸ்னி போல இல்லாமல் இங்கே ஆவணம் ஏற்ற வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதில்தான் மாட்டுவார்கள், ஏனென்றால் ஊரில் எடுத்த ரிப்போர்ட் மூன்று வருடம் பழையதாக, மொழியும் முத்திரையும் தெளிவில்லாமல் இருக்கும். இங்கே குழந்தை மருத்துவரிடம் முதல் முறை போகும்போதே, “நீண்ட வரிசையில் நிற்க இயலாது” என்று ஒரு வரியும் சேர்த்து, லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும். டிக்கெட்டில் அப்பா பெயரோடு ஒரு மாதிரி, அட்டையில் இனிஷியலோடு வேறு மாதிரி, ஆப்பில் செல்லப்பெயர் என்று இருந்தால் கவுன்டரில் நின்று விளக்க வேண்டியிருக்கும். ஒரே எழுத்துக்கூட்டலை எல்லாவற்றிலும் போடுங்கள்.

யூனிவர்சலின் பெரிய கோஸ்டர்களில், ஹல்க், வெலாசிகோஸ்டர் போன்றவற்றில், சட்டை, பேன்ட் பைகளில் எதுவும் இருக்கக் கூடாது. மெட்டல் டிடெக்டரைத் தாண்டித்தான் போக வேண்டும், போனையெல்லாம் லாக்கரில் வைக்க வேண்டும். டேப்லெட்டில் தொட்டுப் பேசும் பிள்ளைக்கு அது குரலையே பிடுங்கி வைப்பது போல. அந்த நேரத்துக்கென்று நிறுத்து, பயம், பாத்ரூம், முடிந்தது என நாலைந்து படம் ஒட்டிய லேமினேட் அட்டை ஒன்றை உங்கள் சட்டைக்குள் மாட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே போன பிறகு

டிஸ்னியின் நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமின் வாசல் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இல்லை. காரை விட்டு, டிராமிலோ நடந்தோ வந்து, சோதனை முடித்து, மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்தால்தான் வாசல். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இதில் கவலைப்பட வேண்டியது திரும்பி வருவதைப் பற்றி. பிள்ளை அழுது புரளும்போது ‘காருக்குப் போய்விடலாம்’ என்ற வழி அங்கே இல்லை. அதனால் ஓய்வு இடத்தை உள்ளேயே முதலில் பார்த்து வையுங்கள். மற்ற மூன்று டிஸ்னி பார்க்குகளில் இந்தத் தொல்லை கிடையாது, நிறுத்துமிடம் வாசலுக்கு எதிரிலேயே. முதல் நாளுக்கு எப்காட்டோ அனிமல் கிங்டமோ மேல்.

சத்தம் என்றால் ராட்டினத்தை மட்டுமே நினைக்கிறோம். பல பிள்ளைகள் பாத்ரூமில்தான் முதலில் பயப்படுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போதே தானாகப் பீய்ச்சும் ஃப்ளஷ்தான் காரணம். பிள்ளை சின்னதாக இருப்பதாலும் அசைவதாலும் பின்னாலிருக்கும் சென்சார் ‘எழுந்துவிட்டார்’ என்று எடுத்துக்கொள்கிறது. ஒட்டும் சின்னக் காகிதக் கட்டு ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். உட்காருமுன் சென்சாரின் கறுப்புக் கண்ணில் ஒன்றை ஒட்டிவிடுங்கள், பிள்ளை வெளியே போனபிறகு எடுத்தால் போதும். கை உலர்த்தும் மெஷினும் அலறும், அதனால் ஒரு துண்டு கையோடு இருக்கட்டும். காதுமூடியைப் பயணத்தன்று புதிதாக மாட்டாதீர்கள், இரண்டு வாரமாவது வீட்டில் மாட்டிப் பழக்குங்கள். மழைக்கோட்டுக்கும் இது பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஃப்ளோரிடாவில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும், மின்னல் இருந்தால் வெளிப்புற ராட்டினங்கள் நின்றுவிடும். அந்தப் பிளாஸ்டிக் தோலில் ஒட்டுவதைப் பொறுக்காத பிள்ளை நனைவதையே விரும்பும்.

சில ராட்டினங்களில் வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஆட்டம் தொடங்கிவிடும் என்பதையும் தெரிந்து வையுங்கள். ஹாண்டட் மேன்ஷனில் வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் அதற்கு முன் ஒரு மூடிய அறையில் கூட்டமாக நிறுத்தி, விளக்கை அணைத்து, ஒரு அலறல் போடுவார்கள். யூடியூபில் ஏறுபவர் கண்ணில் எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன. வரிசையிலிருந்து இறங்கும் வரை உள்ள வீடியோவையே தேடிக் காட்டுங்கள். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் மினுங்கும் விளக்குள்ள ராட்டினங்களை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

உயரம் அங்குலத்தில் அளப்பார்கள்: செவன் ட்வார்ஃப்ஸ் 38, ஸ்பேஸ் மவுண்டன் 44, ட்ரான் 48. அளவு கொம்பைப் பார்த்த பிறகு ‘உனக்கு இல்லை’ என்று சொல்வதைவிட வீட்டுச் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பது எளிது.

சாப்பாட்டுக்கு டிஸ்னியில் தடை இல்லை. தயிர்சாதம் மட்டுமே சாப்பிடும் பிள்ளைக்குத் தயிர்சாதமே கொண்டு போகலாம். கண்ணாடிப் பாட்டில் கூடாது, ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். உதிரி ஐஸ் கூடாது, உறையும் ஜெல் பைகளுக்குத் தடையில்லை. ஒவ்வொரு பார்க்கிலும் உள்ள பேபி கேர் சென்டரில் மைக்ரோவேவ் இருக்கும். முதலுதவி மையத்தில் குளிரில் வைக்க வேண்டிய மருந்தைக் கொடுத்து வைக்கலாம், டயப்பர் மாற்ற வேண்டிய பெரிய பிள்ளைக்குப் படுக்கையும் கிடைக்கும். வலிப்பை நிறுத்தும் அவசர மருந்தை மட்டும் எங்கும் கொடுக்காமல் இடுப்புப் பையிலேயே வையுங்கள். யூனிவர்சலில் வெளிச் சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு உண்டு, மருத்துவக் காரணத்துக்கான உணவு என்று வாசலில் சொல்ல வேண்டும்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு ஸ்ட்ரோலரா என்று யாராவது பார்ப்பார்கள், பார்க்கட்டும். டிஸ்னியில் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும், இழுவை வேகன் கூடாது. கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற உதவி மையத்தில் கேட்டால் ‘ஸ்ட்ரோலர், வீல்சேராக’ என்று ஒரு அட்டை தருவார்கள். அதைக் கட்டினால் வரிசைக்குள்ளும் தள்ளிக்கொண்டு போகலாம். மேல் மூடியை இழுத்துவிட்டால் கூட்டத்துக்கு நடுவில் பிள்ளைக்கு ஒரு சின்ன அறை கிடைத்துவிடும்.

ஓடிப் போகும் பிள்ளை

காலையில் கிளம்பும்போது ஒரு போட்டோ எடுங்கள், செருப்பு தெரியும்படி. கைப்பட்டை பிடிக்காத பிள்ளைக்கு ஷூ லேஸில் தகடு கட்டலாம், அல்லது முன்கையில் பேனாவால் எழுதி மேலே திரவ பேண்டேஜ் பூசலாம். எழுத வேண்டியது அமெரிக்க நம்பர். ஊர் வாட்ஸ்அப் நம்பரை இங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள்.

காணவில்லை என்றால் தேடிக்கொண்டே ஓடாதீர்கள், பக்கத்தில் நிற்கும் பார்க் ஊழியரைப் பிடித்து நிறுத்திச் சொல்லுங்கள். டிஸ்னியில் தொலைந்த பிள்ளைகளைப் பேபி கேர் சென்டருக்குத்தான் கூட்டிப் போவார்கள். பேச மாட்டான், பெயர் சொன்னால் திரும்ப மாட்டான், தண்ணீரைக் கண்டால் போவான் என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கும். குளம், ஏரி, நீச்சல்குளம் இவற்றை முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். ஹோட்டலில் என்றால் உடனே 911. அறை கேட்கும்போதே நீச்சல்குளப் பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கதவில் ஒட்டும் சின்ன அலாரம் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், உள்தாழ்ப்பாளைத் திறக்கப் பிள்ளை ஒரே இரவில் கற்றுக்கொள்ளும்.

விமானத்தில் போகிறவர்கள் 72 மணி நேரம் முன்பு, விமான நிலையச் சோதனையை நடத்தும் டி.எஸ்.ஏ.வின் உதவிப் பிரிவான டி.எஸ்.ஏ. கேர்ஸுக்குப் போன் செய்தால் சோதனை வரிசையில் உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்வார்கள்.

நாளின் கடைசியில் வாணவேடிக்கை. சத்தம் ஒரு பக்கம், அது முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மோனோரயிலுக்கும் படகுக்கும் பாய்வது இன்னொரு பக்கம். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது படகையே பிடியுங்கள். மோனோரயில் பெட்டியைவிடக் காற்றோட்டம் அதிகம், பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நிற்கலாம், வாணவேடிக்கை தொடங்கினாலும் அது தூரத்தில்தான் கேட்கும்.