அகர் அகரில் ஒரு போலித் திசு: மின்கடத்துதிறன் வரைபடம் எடுக்கும் முறை

புற்றுக்கட்டியை 40–44 டிகிரிக்குச் சூடாக்கும் ஹைப்பர்தெர்மியா சிகிச்சையில், ரேடியோ அலையின் சூடு எங்கே இறங்கும் என்பது பெரும்பாலும் திசுவின் மின்கடத்துதிறனைப் பொறுத்தது. அந்தக் கடத்துதிறனை இடத்துக்கு இடம் அளந்து வரையும் வரைபடத்தின் அடிப்படையை, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரின் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) ஆய்வுக்கூடத்திலேயே, தசையைப் போலக் கடத்தும் ஒரு போலித் திசுவில் செய்து பார்க்கலாம்.

இனிப்பும் சாயமும் சேராத அகர் அகர் (கடற்பாசி) பொடி 40 கிராம், நீர் 2 லிட்டர், பொடியுப்பு 7.4 கிராம். கல்லுப்பு வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் நீர் கோத்து எடையைப் பொய்யாக்கும். பொடி முழுக்கக் கரையும்வரை கொதிக்கவைத்து, 18×14 செ.மீ. பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றுங்கள். 25 டிகிரியில் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 0.7 சீமன்ஸ் (கடத்துதலின் அலகு) வரும். 128 மெகாஹெர்ட்ஸில் தசையின் மதிப்பும் ஏறக்குறைய அதுதான். உறைந்ததும் நடுவில் 4 செ.மீ. அகலக் குழி தோண்டி, லிட்டருக்கு 5.5 கிராம் உப்பிட்ட அகரை 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றினால் அதுவே ‘கட்டி’.

உப்பு பரவுமே என்று குழியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காதீர்கள். தாள் மின்னோட்டத்தையே மறித்துவிடும். கட்டி, மின்சாரத்தை அதிகம் கடத்தாத கொழுப்பு மாதிரித் தெரியும். சூடு ஆறியதும் உடனே அளப்பதுதான் வழி. மணிக்குச் சில மில்லிமீட்டர் உப்பு நகரும், மறுநாள் விளிம்பே இருக்காது.

நான்கு எவர்சில்வர் ஊசிகளை 1 செ.மீ. இடைவெளியில் ஒரே வரிசையில் பொருத்தி, 2 மி.மீ. ஆழம் மட்டும் இறக்குங்கள். வெளி ஊசிகளுக்கு சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக. ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே 1 வோல்ட் காட்டினால் மின்னோட்டம் 1 மில்லியாம்பியர். உள் ஊசிகளுக்கிடையே தசைப்பகுதியில் சுமார் 23 மில்லிவோல்ட் வர வேண்டும். கடத்துதிறன் = மின்னோட்டம் ÷ (6.28 × இடைவெளி மீட்டரில் × மின்னழுத்தம்). பேட்டரி உதவாது; நேர்மின்னோட்டத்தில் ஊசி முனையில் அயனிகள் குவிந்து அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். மலிவு மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும். முதலில் அகருக்குப் பதில் 22 ஓம் ரெசிஸ்டரை வைத்து, அதே 1 மில்லியாம்பியரில் 22 மில்லிவோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

2 செ.மீ.க்கு ஒரு புள்ளியாக அளந்து கட்டத்தாளில் நிரப்புங்கள். சுவரிலிருந்து 3 செ.மீ.க்குள் எடுத்தவற்றை விட்டுவிடலாம். அங்கே மின்னோட்டம் நெருங்கி, கடத்துதிறன் குறைவாகத் தெரியும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அளவு சுமார் 2% ஏறும், ஆகவே 32 டிகிரி மதியத்தில் 14% கூடுதல். செம்பனை ஆலை ஆய்வகத்து மீட்டரோடு ஒப்பிடுவதானால், அது தானாக 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே ஊசியைக் கோழி இறைச்சியில் குத்தி எடுக்கும் எண்ணைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்க முடியாது. குறைந்த அதிர்வெண்ணில் செல்சவ்வுகள் மின்னோட்டத்தை மறிக்கும். உப்பு அகரில் சவ்வு இல்லாததால்தான் 1 கிலோஹெர்ட்ஸ் போதுமாக இருக்கிறது. ஆழ ஹைப்பர்தெர்மியா 70–120 மெகாஹெர்ட்ஸில் நடப்பதால், உடலின் கடத்துதிறனை அளக்க ஆய்வாளர்கள் அதற்கு நெருக்கமான 128 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 3 டெஸ்லா (காந்தப்புல வலிமை) எம்ஆர்ஐ ஸ்கேனரை நாடுகிறார்கள்.